ட்யூப் ஆம்ப்ல எலக்ட்ரோஸ்டாட்டிக், பிளேனர் ஸ்பீக்கர் சரியா பாடலையா? என்ன கோளாறுன்னா எங்க கை வைக்கணும்

ஸ்பீக்கர் தனியா கேட்டா அருமை, ஆம்பும் வேற ஸ்பீக்கர்ல அருமை, ரெண்டையும் சேத்து வச்சா மட்டும் ஏதோ ஒண்ணு உதைக்குது. இந்த நிலைமைல நம்மாளுங்க மொதல்ல பண்றது இன்னும் பெரிய வாட்ஸ்ல வேற ஆம்ப் தேடுறது. நானும் அதைத்தான் பண்ணேன், காசு போச்சு, கோளாறு அப்படியே இருந்துச்சு. கடைசில பாத்தா ஸ்பீக்கர் ஒயரை 8 ஓம்ல இருந்து கழட்டி 4 ஓம்ல மாட்டினதுல பாதி சரியாச்சு, அதுக்கு ஒரு ஸ்க்ரூட்ரைவர் கூட தேவைப்படல.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு தெளிவாயிடணும். பிளேனர் மேக்னடிக், எலக்ட்ரோஸ்டாட்டிக் ரெண்டும் பாக்க கதவு மாதிரி ஒல்லியா நிக்கும், ரெண்டும் முன்னாடியும் பின்னாடியும் பாடும், ரெண்டும் சத்தம் கம்மி. அதோட ஒத்துமை முடிஞ்சுது. பிளேனர்ங்கறது மெல்லிசான ஃபிலிம்ல கம்பியையோ ஃபாயிலையோ ஒட்டி காந்தத்துக்கு எதிர்ல நிக்க வச்சது, அதனால ஆம்ப் கண்ணுக்கு அது கிட்டத்தட்ட ஒரு சாதா ரெசிஸ்டர், மேக்னபேன் கம்பெனி பிளேனர்னா 4 ஓம், கீழ இருந்து மேல வரைக்கும் பெருசா ஏத்த இறக்கம் இல்ல. எலக்ட்ரோஸ்டாட்டிக் அப்படி இல்ல, ஓட்டை போட்ட ரெண்டு தகட்டுக்கு நடுவுல ஆயிரக்கணக்கான வோல்ட் ஏத்தின ஃபிலிம், அதாவது ஒரு பெரிய கப்பாசிட்டர், அதுக்கு முன்னாடி ஒரு ஸ்டெப் அப் ட்ரான்ஸ்ஃபார்மர். கப்பாசிட்டர்னா ஃப்ரீக்வென்சி ஏற ஏற இம்பீடன்ஸ் (ஆம்ப் கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டற தடை) இறங்கிட்டே போகும். 1957ல பீட்டர் வாக்கர் இங்கிலாந்துல ஹண்டிங்டன்ல கொண்டு வந்த குவாட் இஎஸ்எல் அதுக்கு நல்ல உதாரணம், பேஸ் பக்கம் 30 ஓம் கிட்ட, நடுவுல 15 சொச்சம், 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போனா 2 ஓம் கிட்ட வந்து நிக்கும். பேருக்கு 16 ஓம் ஸ்பீக்கர்.

அதனால ஒரே ஆம்ப் இந்த ரெண்டுலயும் ரெண்டு விதமா சொதப்பும், கீழ படிக்கும்போது உங்களுது எந்த வகைன்னு மனசுல வச்சுக்கோங்க.

இன்னொரு விஷயம், டேப் (ஆம்புக்குப் பின்னாடி 4, 8, 16 ஓம்னு எழுதியிருக்கற ஸ்பீக்கர் முனை) மாத்தும்போது ஆம்பை ஆஃப் பண்ணிட்டுத்தான் மாத்தணும். ட்யூப் ஆம்ப்ல ஸ்பீக்கர் இல்லாம பாட்டு ஓடவே கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்குள்ள வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் பொத்துக்கும். உள்ள 400, 500 வோல்ட் டிசி இருக்கும், ஆஃப் பண்ணப்புறமும் கப்பாசிட்டர்ல கொஞ்ச நேரம் நிக்கும், பழக்கம் இல்லாதவங்க மூடியைத் திறக்க வேண்டாம்.

எல்லாம் இருக்கு, ஆனா மேல ஜீவனே இல்ல, போர்வை போத்தின மாதிரி

இது எலக்ட்ரோஸ்டாட்டிக்கோட நம்பர் ஒன் புகார். செக் பண்ண நான் கஞ்சிரா இருக்கற கச்சேரி ரெக்கார்டிங் எடுப்பேன், ஏன்னா அந்த ஒரே வாத்தியத்துல தோல் அடி கீழயும் சலங்கை மேலயும் இருக்கு. தோல் சத்தம் கனமா வருது, சலங்கை மட்டும் பக்கத்து ரூம்ல கிலுங்கற மாதிரி இருக்குன்னா ஆம்போட அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்புக்கு உள்ளயே இருக்கற தடை, அதுதான் ஆள்.

கணக்கு சிம்பிள். ஆம்போட ஸ்பெக்ல டேம்பிங் ஃபேக்டர்னு ஒண்ணு இருக்கும், 8 ஓமை அதால வகுத்தா அவுட்புட் இம்பீடன்ஸ். டேம்பிங் ஃபேக்டர் 8 னா 1 ஓம், வெறும் 3ன்னா 2.7 ஓம் கிட்ட, ஃபீட்பேக் (அவுட்புட்ல கொஞ்சத்தைத் திருப்பி உள்ள விட்டுத் தப்பைக் கொறைக்கறது) இல்லாத, 300பி ட்யூப் போட்ட சிங்கிள் எண்டட் ஆம்ப் எல்லாம் பெரும்பாலும் இந்த ரெண்டாவது ரகம்தான். இப்ப ஸ்பீக்கர் நடுவுல 15 ஓம், மேல 2 ஓம்னு வச்சுக்கோங்க. ஆம்போட அவுட்புட் இம்பீடன்ஸ் 3 ஓம்னா நடுவுல 1.6 டிபிதான் (டெசிபல், சத்தத்தோட அளவு) தின்னும், மேல 8 டிபி கிட்ட தின்னும், ஆக சலங்கை 6 டிபிக்கு மேல கீழ போயிருச்சு. ஆம்ப் 1 ஓம்னா வித்தியாசம் 3 டிபி, அரை ஓம்னா ஒண்ணே முக்காலுக்குள்ள. ஃபேஸ் எல்லாம் சேத்தா நெஜத்துல இதை விட கொஞ்சம் கம்மியா விழும், ஆனா போற திசை இதுதான்.

ரெமடி என்னன்னா ஸ்பீக்கர் பின்னாடி 16 ஓம்னு எழுதியிருந்தாலும் 8ன்னு எழுதியிருந்தாலும் கண்டுக்காம ஆம்ப்ல 4 ஓம் டேப்ல மாட்டுங்க. டேப் இறங்கினா அவுட்புட் இம்பீடன்ஸும் அதே விகிதத்துல இறங்கும், 8 ஓம் டேப்ல 2 இருந்தா 4 ஓம் டேப்ல 1 தான். பவர் கொஞ்சம் குறையும், நிஜம்தான், ஆனா ட்யூப் பாக்கற லோடு லேசாகி டிஸ்டார்ஷனும் குறையும். சில ஆம்ப்ல ஃபீட்பேக் கூட்டற ஸ்விட்ச் இருக்கும், அதையும் போட்டுப் பாருங்க, ஃபீட்பேக்னாலே பாவம்னு நினைக்கறவங்க இந்த ஸ்பீக்கர்ல ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் பேசலாம்.

அப்பவும் மந்தமா இருந்தா ஸ்பீக்கர் ஒயரைப் பாருங்க. பின்னல் போட்ட தட்டை ஒயர் சிலதுல கப்பாசிட்டன்ஸ் ஜாஸ்தி, அது ஏற்கனவே கப்பாசிட்டரா நிக்கற ஸ்பீக்கர் கூட சேந்துக்கும். சாதா ரெண்டு பிரி தாமிர ஒயர், நீளம் கம்மியா, போதும்.

பிளேனர்ல இதே புகார்னா காரணம் வேற. அங்க இம்பீடன்ஸ் தட்டையா இருக்கறதால ஆம்போட அவுட்புட் இம்பீடன்ஸ் எல்லா சுரத்தையும் சமமாத்தான் கொறைக்கும், மேல மட்டும் தனியா விழாது. பல மேக்னபேன் மாடல்ல பின்னாடி ட்வீட்டருக்குன்னு ஃபியூஸ் இருக்கும், அது போயிருக்கான்னு மீட்டர் வச்சுப் பாருங்க, இல்லேன்னா ட்வீட்டரைக் கொறைக்கற ரெசிஸ்டரை யாரோ மாட்டி மறந்திருப்பாங்க, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா இது ரொம்ப சகஜம்.

வால்யூம் திருகத் திருக சத்தம் ஏறல, ஒரு கட்டத்துல கூழாயிடுது

இது பிளேனரோட புகார். மேக்னபேன் எல்ஆர்எஸ் மாதிரி ஸ்பீக்கர்ல ஒரு மீட்டர் தள்ளி 86 டிபி சத்தம்னு போட்டிருக்கும், பரவால்லயேன்னு தோணும், ஆனா அது 2.83 வோல்ட்டுக்கு. 8 ஓம்ல 2.83 வோல்ட்டுன்னா 1 வாட், 4 ஓம்ல அது 2 வாட். ஆக ஒரு வாட்டுக்குன்னு பாத்தா 83தான்.

40 வாட் ட்யூப் ஆம்ப், 4 ஓம் டேப்னு வைங்க. 4 ஓம்ல 40 வாட்னா 12.6 வோல்ட், 2.83க்கு மேல 13 டிபி, ஆக ஒரு மீட்டர்ல 99 டிபி. நீங்க உக்காந்திருக்கற இடம் மூணு மீட்டர் தள்ளி, அங்க வரும்போது இன்னும் இறங்கும், ரெண்டு ஸ்பீக்கர் சேந்தா கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். வீணை, வாய்ப்பாட்டு, சின்ன ஜாஸ் குரூப் இதுக்கெல்லாம் தாராளம். தவில் நாதஸ்வரம் கல்யாண மண்டப சத்தத்துல வேணும்னா நடக்காது. 40ல இருந்து 100 வாட்டுக்கு மாறினாலும் கூட கிடைக்கறது 4 டிபிதான், விலை மட்டும் ரெண்டு மூணு மடங்கு ஆயிருக்கும், அதனால செலவு பண்றதுக்கு முன்னாடி நாற்காலியை ரெண்டடி முன்னாடி இழுத்துப் பாருங்க, சிரிக்காதீங்க, வேலை செய்யும்.

டேப் விஷயத்துல பிளேனருக்கும் 4 ஓம்தான், ஆனா காரணம் வேற, இதை 8 ஓம் டேப்ல மாட்டினா அவுட்புட் ட்யூப்புக்குப் பாதி லோடுதான் தெரியும், கரண்ட் இழுக்கும், டிஸ்டார்ஷன் ஏறும், ட்யூப் ஆயுசும் கொறையும். 4 ஓம் டேப்பே இல்லாத ஆம்ப்பை இதுக்குன்னு வாங்காதீங்க. ஓடிஎல் ஆம்பும் வேண்டாம், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரே இல்லாத ஆம்ப் அது, அதை வடிவமைச்ச ஜூலியஸ் ஃபட்டர்மன் பேர் சொன்னா பழைய ஆளுங்களுக்குத் தெரியும், 4 ஓம் அதுக்கு மூச்சு முட்டும். வேடிக்கை என்னன்னா அதே ஓடிஎல் குவாட் இஎஸ்எல்ல தேனா பாடும், ஏன்னா இசையில பலம் முக்கால்வாசி இருக்கற கீழ், நடு பகுதியில அந்த ஸ்பீக்கர் 15, 30 ஓம்ல நிக்குது.

ட்யூபும் மேக்னபேனும் சேரவே சேராதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு சேதி. மேக்னபேன் 1969ல ஜிம் வைனி மின்னசோட்டால ஆரம்பிச்சது, 1970கள் ஆரம்பத்துல அந்த ஸ்பீக்கரைக் கடைக்குக் கொண்டு போனது அதே ஊர்ப் பக்கத்துல ட்யூப் ஆம்ப் செஞ்ச ஆடியோ ரிசர்ச். பொருத்தம் பாத்துத்தான் வித்திருக்காங்க.

இதுல நான் ரொம்ப நம்பற வைத்தியம் பேஸை ஆம்ப்ல இருந்து எடுத்து விட்டுடறதுதான். பவர் வாங்கறது எல்லாமே கீழ்ச் சத்தம். ஒரு சப்வூஃபர் இருந்தா, பவர் ஆம்ப் இன்புட்ல சீரியஸ்ல ஒரு கப்பாசிட்டர் போட்டா போதும். ஆம்ப் இன்புட் இம்பீடன்ஸ் 100 கிலோ ஓம்னா 0.022 மைக்ரோஃபாரட், 72 ஹெர்ட்ஸ்ல இருந்து கீழ மெதுவா சரியும், உங்க ஆம்ப் 50 கிலோ ஓம்னா கப்பாசிட்டர் மதிப்பை ரெட்டிப்பு பண்ணுங்க. சில்லறைக் காசுதான், நல்ல ஃபிலிம் கப்பாசிட்டரா வாங்குங்க. அதுக்கப்புறம் அந்த 40 வாட் வேற ஆம்ப் மாதிரி இருக்கும். எலக்ட்ரோஸ்டாட்டிக்லயும் இது நல்லது, ஸ்டெப் அப் ட்ரான்ஸ்ஃபார்மர் கோர் கீழ்ச் சத்தத்துலதான் சாச்சுரேட் ஆகும், அந்தத் தொல்லையும் போச்சு.

அபோஜி சின்டில்லா மாதிரி 1 ஓம் ரிப்பன் ஸ்பீக்கரை யாராவது சும்மா தர்றேன்னு சொன்னாலும் ட்யூப் வச்சுக்கிட்டு ஆசைப்படாதீங்க. நடுவுல ஆட்டோஃபார்மர் போட்டு 1 ஓமை 4 ஆக்கிக் காட்டலாம், ஆனா 4 ஓம் டேப் ஏற்கனவே இருக்கற ஆம்ப்ல சாதா பிளேனருக்கு அது எனக்குப் பெருசா ஒண்ணும் பண்ணல.

பேஸ் பொதபொதன்னு இருக்கு, இல்லேன்னா பேஸே இல்ல

பொதபொதன்னா எலக்ட்ரோஸ்டாட்டிக்ல மறுபடியும் அவுட்புட் இம்பீடன்ஸ்தான், மேல திங்கற அதே ஆம்ப் கீழ 30 ஓம் இருக்கற இடத்துல ஒண்ணும் திங்காது, அதனால ஒப்பிட்டா பேஸ் தூக்கலா தெரியும். மிருதங்கத்தோட தொப்பி அடி நின்னு போகாம இழுத்துட்டே இருந்தா 4 ஓம் டேப்.

பேஸே இல்லேன்னா ஆம்பைத் தொடவே வேண்டாம். ரெண்டு பக்கமும் பாடற ஸ்பீக்கர்ல பின்னாடி அலை முன்னாடி அலைக்கு எதிரா இருக்கும், சுவத்துல ஒட்டி வச்சா ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும். பின் சுவத்துல இருந்து குறைஞ்சது மூணடி இழுங்க. பத்துக்குப் பன்னெண்டு ரூம்ல மூணடி இழுத்தா வீட்டுல என்ன பேச்சு வரும்னு எனக்கும் தெரியும். அப்புறம் ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கான்னும் பாருங்க, நான் ஒரு தடவை மூணு வாரம் பேஸ் தேடிட்டு கடைசில அதைத்தான் கண்டுபிடிச்சேன்.

அவுட்புட் ட்யூப்ல தகடு சிவக்குது

ஃபிலமென்ட் ஆரஞ்சா எரியறது சாதாரணம். வெளித் தகடு, சாம்பல் கலர்ல இருக்குமே, அது செங்கல் மாதிரி சிவந்தா உடனே ஆஃப் பண்ணுங்க, யோசிக்கவே வேண்டாம்.

ஆறினதும் பயாஸ், அதாவது பாட்டு இல்லாதப்ப ட்யூப்ல ஓடற கரண்ட், சரியான்னு பாருங்க. ஈஎல்34 ட்யூப்புக்குத் தகடு தாங்கறது 25 வாட், தகட்டுல 400 வோல்ட், கரண்ட் 40 மில்லிஆம்ப்னா 16 வாட், 64 சதவீதம், நல்ல இடம். கேத்தோட்ல 10 ஓம் ரெசிஸ்டர் இருந்தா மீட்டர்ல 0.4 வோல்ட் காட்டணும். ஒரு ட்யூப் மட்டும் எகிறுதுன்னா அதை எடுத்து பக்கத்து சாக்கெட்ல போடுங்க, கோளாறு ட்யூப் கூடவே போனா ட்யூப், அங்கயே நின்னா சாக்கெட்டோ கப்ளிங் கப்பாசிட்டரோ. பயாஸை எப்ப வச்சீங்கங்கறதும் முக்கியம். மத்தியானம் 215 வோல்ட் இருக்கற ஏரியால ராத்திரி 250 வரும், 250ல 6.3 வோல்ட் ஹீட்டர் 6.85 ஆயிடும், பத்து சதவீத எல்லைக்கு விளிம்பு, தகட்டு வோல்டேஜும் கூடவே ஏறும். பாட்டு கேக்கற நேரத்துல பயாஸ் வைங்க.

பயாஸ் எல்லாம் கரெக்ட், சாதா ஸ்பீக்கர்ல ஒண்ணும் ஆகல, எலக்ட்ரோஸ்டாட்டிக் மாட்டினா மட்டும் சூடு ஏறி சிவக்குதுன்னா அது வேற கதை. ஃபீட்பேக் நிறைய இருக்கற ஆம்ப் கப்பாசிட்டர் லோடைப் பாத்ததும் காதுக்கு எட்டாத ஃப்ரீக்வென்சில தானா ஊளையிட ஆரம்பிச்சிடும். நமக்குக் கேக்காது, ஆம்ப் மட்டும் முழு மூச்சா ஓடிட்டு இருக்கும். நம்ம சாதா மல்டிமீட்டர் இதைப் பெரும்பாலும் காட்டாது, ஆசிலாஸ்கோப் இருக்கற ரேடியோ மெக்கானிக்கைப் பிடிங்க. அது கிடைக்கலேன்னா ஸ்பீக்கரைக் கழட்டிட்டு 8 ஓம் 50 வாட் ரெசிஸ்டரை மாட்டி, பாட்டு இல்லாம பத்து நிமிஷம் விடுங்க, சூடு அடங்கினா சந்தேகம் உறுதி. ஸ்பீக்கர் ஒயர்ல சீரியஸ்ல அரை ஓம், ஒரு ஓம் ரெசிஸ்டர் போட்டா அடங்கும், ஆனா மேல சொன்ன கணக்குப்படி ட்ரெபிளை அது கொஞ்சம் திங்கும். சரியான வைத்தியம் ஆம்புக்குள்ள ஃபீட்பேக்கைக் கொறைக்கறதுதான், அது தெரிஞ்சவங்க கையால நடக்கணும். இந்த இடத்துல மேல நான் ஃபீட்பேக் கூட்டச் சொன்னது ஞாபகம் வரும், ஆமா, அது ஆம்புக்கு ஆம்ப் மாறும்.

டிக், டிக், சட்டுனு ஒரு சத்தம், சில சமயம் வெளிச்சம்

பேனல்ல ஆர்க் (மின்பொறி) அடிக்குது. பாட்டு சத்தமா இருக்கும்போது மட்டும்னா நீங்க வோல்டேஜ் ஜாஸ்தி குடுக்கறீங்க. பழைய குவாட் இஎஸ்எல் 33 வோல்ட் பீக்தான் தாங்கும். அதோட ஜோடியா இருந்த குவாட் 2 ஆம்ப், 1953ல வந்தது, ரெண்டு கேடி66 ட்யூப், 15 வாட், அதை 16 ஓம்ல கணக்கு போட்டா 22 வோல்ட் பீக், ஸ்பீக்கருக்கு ஒரு ஆபத்தும் இல்ல. இன்னைக்கு 60 வாட் ஆம்பை 16 ஓம் டேப்ல மாட்டினா 44 வோல்ட் பீக், பேனல் போச்சு. அதே 60 வாட் 4 ஓம் டேப்ல 22 வோல்ட்தான், லோடு லேசா இருக்கறதால கொஞ்சம் கூடப் போகலாம், ஆனா 33க்குள்ள நிக்கும். மறுபடியும் 4 ஓம் டேப்தான், இப்படி ஒரே ஒயர் மாத்தினதுல ட்ரெபிளும் வந்து பேனலும் பொழைச்சா வேண்டாம்னா சொல்வோம்.

1981ல வந்த இஎஸ்எல் 63ல பாதுகாப்பு சர்க்யூட் இருக்கு, எல்லை மீறினா இன்புட்டையே ஷார்ட் பண்ணி சத்தத்தை அடக்கிடும். அதனால அதுல சத்தம் திடீர்னு செத்து மறுபடி வந்தா ஆம்ப் ரிப்பேர்னு ஓடாதீங்க, வால்யூமை இறக்குங்க.

பாட்டே இல்லாம டிக் டிக்னா ஈரமும் தூசியும். சென்னை மாதிரி கடலோர ஊர்ல நவம்பர் மாசம் இது சொல்லாமலே வரும். பேனல்ல ஏறின சார்ஜ் ஈரக் காத்துல கசியும், ஆர்க் வரும், இல்லேன்னா சத்தமே கம்மியாகும். பழைய குவாட்ல பேஸ் பேனலுக்கு 6000 வோல்ட், ட்ரெபிளுக்கு 1500 வோல்ட், அதனால ப்ளக்கைப் பிடுங்கி ஒரு ராத்திரி விட்டுட்டு, வாக்குவம் கிளீனர் மெல்லிசா வச்சு வெளித் துணியில இருக்கற தூசியை மட்டும் எடுங்க, ஊதறதோ ஈரத்துணியோ வேண்டாம். மழைக்காலத்துல ரூம் ஏசியை டிரை மோட்ல ரெண்டு மணி நேரம் ஓட்டினா பல தடவை தானா சரியாயிடும்.

ஒரு பக்கம் சத்தம் கம்மி

மொதல்ல கம்மியா இருக்கற ஸ்பீக்கரோட கரண்ட் ப்ளக் ஏறியிருக்கான்னு பாருங்க, எலக்ட்ரோஸ்டாட்டிக்குக்குத் தனியா கரண்ட் வேணும், அது மறந்து போய் ஆம்பைத் திட்டறவங்க உண்டு. ரொம்ப நாள் அணைச்சு வச்சிருந்தா முழு சார்ஜ் ஏற சில மணி நேரம், சில பழைய பேனல்ல ஒரு நாள் கூட ஆகும். அப்புறமும் கம்மின்னா ஆம்ப்ல இடது வலது ஒயரை மாத்தி மாட்டுங்க. கோளாறு பக்கம் மாறினா ஆம்போ அதுக்கு முன்னாடி உள்ளதோ, மாறலேன்னா ஸ்பீக்கர். ஸ்பீக்கர்னா உள்ள இருக்கற ஹை வோல்டேஜ் யூனிட்தான் பெரும்பாலும் களைச்சுப் போயிருக்கும், அதை வீட்டுல திறக்காதீங்க.

ஹம்

வழக்கமா ட்யூப் ஆம்ப்ல லேசா ஹம் (உம்முனு ஒரு சத்தம்) இருக்கும், நூறு டிபி ஹார்ன் ஸ்பீக்கர்ல அது வண்டு மாதிரி கேக்கும். நம்மளோட 83 டிபி ஸ்பீக்கர்ல அதே ஹம் உக்காந்த இடத்துல கேக்கவே கூடாது. கேக்குதுன்னா உங்க ஆம்ப்ல ஹம் நிஜமாவே ரொம்ப ஜாஸ்தி. ஃபில்டர் கப்பாசிட்டர் காய்ஞ்சிருக்கலாம், ஜோடி ட்யூப்ல ஒண்ணு ஓய்ஞ்சு பேலன்ஸ் போயிருக்கலாம். எலக்ட்ரோஸ்டாட்டிக்னா ஸ்பீக்கரோட கரண்ட் ப்ளக்கை மட்டும் பிடுங்கிட்டுக் கேளுங்க, சார்ஜ் இருக்கற வரைக்கும் கொஞ்ச நேரம் பாடிட்டேதான் இருக்கும், அப்ப ஹம் சட்டுனு நின்னுட்டா ஆம்ப் தப்பிச்சுது, எர்த் லூப், ஸ்பீக்கர் ரெண்டையும் ஆம்பையும் ஒரே போர்டுல மாட்டிப் பாருங்க. எர்த் பின்னை மட்டும் உடைச்சு விட்டுடாதீங்க.